தராசுக்குள் ஒரு சில்லு

அளவைகளைத் தமிழ் இலக்கண நூலார் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காகப் பகுத்தனர். தேங்காயை எண்ணினர், பொன்னை எடுத்து நிறுத்தனர், நெல்லை முகந்தனர், துணியை நீட்டி அளந்தனர். இந்நான்கனுள் எண்ணல் மட்டும் ஏனைய மூன்றினின்றும் வேறுபட்டது. கூடையில் தேங்காய் மூன்று இருக்கும். அல்லது நான்கு இருக்கும். இரண்டிற்கும் இடையே வேறோர் எண்ணிக்கை இல்லை. எடையோ அவ்வாறன்று. ஒரு கிலோவிற்கும் இரண்டு கிலோவிற்கும் இடையே எத்தனை எடைகள் உள்ளன என வினவினால், அதற்கு விடையே கிடையாது. ஒரு கத்தரிக்காயின் எடைக்கும் அடுத்த கத்தரிக்காயின் எடைக்கும் இடையே வேறோர் எடை எப்போதும் உண்டு.

தொடர்ச்சியாக மாறும் அளவைத் தாங்கிவரும் மின்குறிகையைத் தொடர்குறிகை என்பர். நீங்கள் அறிவியல் வகுப்பில் அனலாக் எனக் கேட்டது இதுவே. ஒன்று, இரண்டு என எண்ணாகவே வரும் குறிகை எண்குறிகை, அதாவது டிஜிட்டல். பழைய இலக்கண நூலார் மின்சாரத்தை அறிந்தவர் அல்லர். எனினும் எண்ணலைத் தனியே நிறுத்திய அவர்தம் பகுப்பு இன்றைய மின்னணுவியலின் முதன்மையான பகுப்போடு ஒத்துப்போவது வியப்பிற்குரியது.

நீங்கள் வாழும் ஊரின் காய்கறிச் சந்தையில் மின்னணுத் தராசைக் கண்டிருப்பீர்கள். தட்டில் வைக்கும் வெண்டைக்காயின் எடை தொடர்ச்சியானது. சிவந்த எழுத்தில் ஒளிரும் 1.245 என்பதோ எண். எடுத்தல் எண்ணலாக மாறும் இடம் அத்தராசினுள் எங்கோ உள்ளது. அதனை நிகழ்த்துவது விரல் நகத்தளவே உள்ள ஒரு சில்லு.

வளையும் உலோகம்

தராசின் தட்டைக் கழற்றினால், நடுவே துளையிடப்பட்ட ஓர் அலுமினியக் கட்டையைக் காணலாம். இதற்கு எடையுணரி என்று பெயர். தராசு பழுதுபார்ப்போர் லோட்செல் என்பர். கட்டையின் ஒரு முனை தராசின் அடிப்பகுதியோடும் மறுமுனை தட்டோடும் பிணைக்கப்பட்டிருக்கும். தட்டில் சுமை ஏறும்போது கட்டை வளைகிறது. கண்ணுக்குப் புலப்படாத வளைவு அது.

அவ்வளைவை அறிவதற்காகக் கட்டையின் மேல் மெல்லிய உலோக இழைகள் நான்கு ஒட்டப்பட்டுள்ளன. கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்பதை, பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1856இல் கண்டுரைத்தார். அவ்வுண்மையைக் கொண்டு ஒட்டத்தக்க இழையை எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்னும் அமெரிக்கர் இருவர் 1938இல் தனித்தனியே உருவாக்கினர். இழையின் மின்தடை 350 ஓம் எனக் கொள்வோம். கட்டை முழுச் சுமையைத் தாங்கும்போது அது ஏறத்தாழ 0.7 ஓம் மட்டுமே மாறுகிறது. ஐந்நூறில் ஒரு பங்கு!

இவ்வளவு சிறிய மாற்றத்தை நேரே அளப்பது அரிது. ஆதலால் நான்கு இழைகளையும் வீட்ஸ்டோன் சமனச்சுற்றாக இணைக்கின்றனர். இச்சுற்றை 1833இல் முதலில் அமைத்தவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. அதனைப் பலரறியச் செய்த சார்லஸ் வீட்ஸ்டோனின் பெயரே நிலைத்துவிட்டது. சுமை ஏறும்போது இரண்டு இழைகள் நீளும்; இரண்டு சுருங்கும். வேறுபாடு வெளிப்படும். வெயில் ஏறினாலோ நான்கும் ஒன்றுபோல் மாறும். அம்மாற்றம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். வடநாட்டுச் சந்தைகளில் சனவரிக் குளிரிலும் சூன் மாத வெப்பத்திலும் ஒரே தராசு பயன்படுவதற்கு இவ்வமைப்பு பெரிதும் துணைசெய்கிறது.

10 கிலோ தாங்கும் தராசின் சமனச்சுற்றுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுச் சுமையில் கிடைப்பது ஏறத்தாழ 10 மில்லிவோல்ட். இதைப் பகுத்துப் பாருங்கள். 10,000 கிராமுக்கு 10 மில்லிவோல்ட் என்றால் ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோவோல்ட். அதாவது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கறிவேப்பிலைக் கொத்து ஒன்றைத் தட்டிலிட்டால் எழும் மின்னழுத்தம் இத்தகையதே.

எண் மட்டும் அறிந்த சில்லு

கணிப்பொறியின் மூளையை ஒரே சில்லில் அடக்கிய இன்டெல் 4004 என்பது 1971இல் வெளிவந்தது. அதில் இருந்தவை ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள். அதன்பின் நினைவகத்தையும் உள்ளீட்டு வெளியீட்டு வாயில்களையும் சேர்த்து ஒரே சில்லில் அமைத்தனர். அதுவே மைக்ரோகன்ட்ரோலர் எனப் பலரும் வழங்கும் நுண்கட்டுப்படுத்தி. மேசைமேல் தனியே வீற்றிருக்கும் கணிப்பொறி அன்று இது. துவைப்பொறி, மின்தூக்கி, தராசு எனப் பிறிதொரு பொருளினுள் பொதிந்து கிடப்பது. ஆகவே இத்துறையை உட்பொதி மின்னணுவியல் என்கின்றனர்.

தொடக்கக்கால நுண்கட்டுப்படுத்திகள் பெரும்பாலும் சுழியும் ஒன்றும் மட்டுமே அறிந்தவை. ஒரு மைக்ரோவோல்ட்டை அவற்றின் முன் வைத்தால் அது சுழி என்றே கொள்ளும். எனவே பொறியாளர் சில்லிற்கு முன்னால் குறிகையை வலுவாக்கும் பெருக்கி, இரைச்சலை நீக்கும் வடிப்பி, குறிகையை எண்ணாக்கும் மாற்றி என மூன்று தனிச் சில்லுகளை வைத்தனர். பெருக்கி எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை ஒரு மின்தடையாக்கி முடிவுசெய்தது. 10 கிலோத் தராசை 30 கிலோத் தராசாக மாற்ற வேண்டுமா? சூட்டுக்கோலை எடுத்து, பழைய மின்தடையாக்கியைக் கழற்றி, புதியதைப் பற்றவைக்க வேண்டும்.

இச்சிக்கலுக்கு விடையாக எழுந்ததே நிரலாக்கத்தக்க கலப்புக்குறிகை நுண்கட்டுப்படுத்தி. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரைச் சேர்ந்த சைப்ரஸ் நிறுவனம் பீசாக் என்னும் பெயரில் உருவாக்கிய சில்லுக் குடும்பம் இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது. அந்நிறுவனம் 2020இல் செருமனியின் இன்ஃபினியான் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. முதல் தலைமுறையின் பெரிய சில்லு ஒன்றில் 12 தொடர்குறிகைக் கட்டகங்களும் 16 எண்குறிகைக் கட்டகங்களும் இருந்தன. நிரலுக்கு 32 கிலோபைட் இடமே இருந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தில் சிறுபங்குகூட அதில் அடங்காது.

கட்டகம் என்பது பிறக்கும்போதே தொழில் வரையறுக்கப்பட்ட உறுப்பு அன்று. அது பெருக்கியாகலாம், வடிப்பியாகலாம், ஒப்பிடும் கருவியாகலாம். எதுவாக வேண்டும் என்பதைச் சில்லினுள் உள்ள பதிவகங்களில் எழுதப்படும் எண்களே முடிவுசெய்கின்றன. பொறியாளர் கணிப்பொறித் திரையில் கட்டகங்களைத் தெரிந்தெடுத்து இணைக்கிறார். மென்பொருள் அவ்விணைப்பை எண்களாக்குகிறது. சில்லு விழித்தெழும்போது அவ்வெண்களைப் படித்துத் தன்னைத்தானே அவ்வாறு அமைத்துக்கொள்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும்போதே அவ்வெண்களை மாற்றவும் இயலும். எடையை அளந்த கட்டகமே, வாடிக்கையாளர் பணம் எடுக்கும் இடைவெளியில் மின்கலத்தின் வலுவை அளந்துவிட்டு மீண்டும் எடைக்குத் திரும்பலாம்.

குடத்தால் செய்த குழாய்

எண்களை மாற்றினால் நினைவகம் மாறுவது இயல்பு. மின்தடை எவ்வாறு மாறும்? இதுவே இப்பாடத்தின் நுட்பமான பகுதி. சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி. இரண்டையும் மெல்லிய குழாயால் இணைத்தால் நீர் சீராக வடியும். குழாய் மெலிந்ததாயின் நீர் குறைவாக வரும். பருத்ததாயின் மிகுதியாக வரும். இக்குழாயே மின்தடை. இப்போது குழாயை நீக்கிவிட்டு, ஒருவரை நிறுத்துங்கள். அவர் கையில் ஒரு சிறு குடம். மேல் தொட்டியில் முகந்து கீழ்த் தொட்டியில் ஊற்றுகிறார்; மீண்டும் முகக்கிறார்; மீண்டும் ஊற்றுகிறார். அவர் மிக விரைவாக இதனைச் செய்தால், தொலைவில் நிற்போருக்குக் குடம் தெரியாது; நீர் சீராக வடிவதாகவே தோன்றும். அவருடைய வேகத்தை இருமடங்காக்கினால் குழாய் பருத்ததற்கு ஒப்பாகும். குழாயைத் தொடாமலே குழாயின் பருமனை மாற்றிவிட்டோம்.

சில்லில் குடமாக அமைவது மின்தேக்கி. நீராக அமைவது மின்னூட்டம். நொடிக்குப் பத்து இலட்சம் முறை இரு சாளரங்களை மாறிமாறித் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்களே முகந்து ஊற்றும் கைகள். ஒரு பிக்கோஃபாரட் மின்தேக்கியை நொடிக்குப் பத்து இலட்சம் முறை இவ்வாறு இயக்கினால், அது 10 இலட்சம் ஓம் மின்தடையைப்போல் நடந்துகொள்ளும். இருபது இலட்சம் முறை இயக்கினால் 5 இலட்சம் ஓம். வேகத்தைத் தருவது கடிகாரத் துடிப்பு. கடிகாரத் துடிப்பை வகுத்துத் தருவது நிரல். ஆக, ஓர் எண்ணை எழுதி மின்தடையை மாற்ற முடிகிறது. மாறிமாறி இணைக்கப்படும் மின்தேக்கி மின்தடைக்கு ஒப்பாகும் என்பதை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1873ஆம் ஆண்டு நூலிலேயே விளக்கியுள்ளார். சிலிக்கான் சில்லு பிறக்க அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

இம்முறைக்கு மற்றொரு நன்மையும் உண்டு. சில்லின்மீது மின்தடையாக்கியைச் சரியான அளவில் வார்ப்பது கடினம். நூறு ஓம் என வார்த்தது நூற்றுப்பதினைந்தாக அமைந்துவிடலாம். இரண்டு மின்தேக்கிகளின் விகிதத்தையோ ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தோடு அமைக்க முடியும். இரு குடங்களும் எவ்வளவு கொள்ளும் எனத் திட்டமாகத் தெரியாவிட்டாலும், ஒன்று மற்றொன்றைப்போல் சரியாக நான்கு மடங்கு என்பது உறுதி. பெருக்கத்திற்கு வேண்டுவது அவ்வுறுதியே.

ஆம், இல்லை என்னும் இரண்டே விடைகள்

பெருக்கிய குறிகையை இனி எண்ணாக்க வேண்டும். எளிய நுண்கட்டுப்படுத்தியின் மாற்றி 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பகுக்கும். ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். பெருக்காத குறிகையை அதன்முன் வைத்தால், 10 கிலோ முழுவதும் இரண்டே படிகளில் முடிந்துவிடும்! நூறு மடங்கு பெருக்கி வைத்தாலும் ஒரு படிக்கு ஏறத்தாழ 49 கிராம். பச்சை மிளகாய் வாங்குவோருக்கு இது உதவாது.

பீசாக் குடும்பத்தின் பின்வந்த தலைமுறைகளில் 20 இருமம் கொண்ட மாற்றி உண்டு. அது 5 வோல்ட்டை 10,48,576 படிகளாகப் பகுக்கும். நூறு மடங்கு பெருக்கிய குறிகையில் ஒரு கிராமுக்கு 21 படிகள் கிடைக்கும். அவற்றுள் சில இரைச்சலில் அழிந்தாலும் ஒரு கிராமைத் தெளிவாகக் காட்டலாம்.

இத்தகைய மாற்றி பத்து இலட்சம் கோடுகள் கொண்ட அளவுகோலை உள்ளே வைத்திருக்கவில்லை. மீண்டும் நீரையே எண்ணுங்கள். ஒரு வாளியில் குழாய் நீர் விழுகிறது. வாளியில் ஒரே ஒரு கோடு. மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒருவர் பார்க்கிறார்: நீர் கோட்டைத் தாண்டியதா? ஆம் எனில் ஒரு கிண்ணம் அள்ளி வெளியே ஊற்றுகிறார். இல்லை எனில் வாளாவிருக்கிறார். பத்தாயிரம் மணி அடித்தபின், எத்தனை முறை அள்ளினார் என எண்ணுகிறோம். 4,800 முறை எனில், குழாய் நீர் மணிக்கொரு கிண்ணத்தில் 0.48 பங்கு. கேட்டது ஆம், இல்லை என்னும் எளிய வினா. கிடைத்ததோ நுண்ணிய விடை. இன்னும் நெடுநேரம் எண்ணினால் இன்னும் நுண்ணிதாகும். டெல்டா-சிக்மா முறை எனப்படுவது இதுவே. தொடர்ச்சியானதை எண்ணாக்குவது எண்ணிக்கையே என்பதைக் கவனியுங்கள்.

எவ்வளவு நேரம் எண்ணுவது? இங்கே ஊரின் மின்கம்பியும் கணக்கில் வருகிறது. இந்தியாவின் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. சந்தை விளக்குகளின் கம்பிகளிலிருந்து அவ்வலைவு தராசினுள்ளும் மெல்லென நுழையும். சரியாக 20 மில்லிநொடி எண்ணினால் ஓர் அலையின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துவிடும். தராசு செய்வோர் பெரும்பாலும் 100 மில்லிநொடியைத் தெரிந்தெடுப்பர். அதனுள் நம் நாட்டு அலை ஐந்து முறை முழுமையாக அடங்கும். 60 முறை அலையும் அமெரிக்க மின்சாரமும் ஆறு முறை முழுமையாக அடங்கும். ஒரே சில்லு இரு நாடுகளிலும் விற்கப்படும். பொருளைத் தட்டில் வைத்தபின் எண் உடனே நிலைகொள்ளாமல் சற்றுத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்கலம் மாலைக்குள் வலுவிழக்குமே, எடை குறைத்துக் காட்டாதா என்று ஐயுறலாம். சமனச்சுற்றுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையே மாற்றிக்கும் அளவுகோலாகக் கொடுத்துவிட்டால் இவ்வையம் தீரும். இரண்டும் ஒருங்கே குறையும், விகிதம் மாறாது.

எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்குவதால் இடர் இல்லாமல் இல்லை. நொடிக்குப் பல இலட்சம் முறை துள்ளும் எண்குறிகைப் பகுதி, மைக்ரோவோல்ட்டைக் கூர்ந்து கேட்க முயலும் தொடர்குறிகைப் பகுதிக்கு மிக அருகில் உள்ளது. பறையடிப்பவரின் பக்கத்தில் அமர்ந்து ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்றது இது. பொறியாளர் இரு பகுதிகளுக்கும் மின்வழங்கலையும் தரையிணைப்பையும் பிரித்து அமைப்பர். அளக்கும் கணத்தில் செயலியைச் சற்றே உறங்கவும் வைப்பர். மிக நுண்ணிய ஆய்வகத் தராசுகளுக்கு இன்றும் தனி மாற்றிச் சில்லே மேலானது. சந்தைத் தராசிற்கு அவ்வளவு தேவையில்லை.

எண்ணுக்குள் நேர்மை

சில்லு தருவது கிராம் அன்று, வெறும் எண். அதனைக் கிராமாக்கும் பணிக்கு அளவீட்டுத் திருத்தம் என்று பெயர். வெறுந்தட்டின்போது மாற்றி 8,200 என்கிறது எனக் கொள்வோம். 5 கிலோ முத்திரைப் படிக்கல்லை வைத்தால் 1,13,200 என்கிறது. வேறுபாடு 1,05,000. அதனை 5,000 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 21. இந்த 8,200, 21 என்னும் இரண்டு எண்களைச் சில்லு தன் அழியா நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. பின்னர் வெண்டைக்காயை வைக்கும்போது 34,345 வந்தால், 8,200ஐக் கழித்து 21ஆல் வகுக்கிறது. விடை 1,245 கிராம்.

அந்த 21 இருக்கும் இடத்தில் எவரேனும் 20 என எழுதிவிட்டால் என்னாகும்? அதே வெண்டைக்காய் 1,307 கிராம் எனக் காட்டும். வாங்குபவர் பெறாத 62 கிராமுக்கும் பணம் கொடுப்பார். பழைய துலாக்கோலில் செய்யும் சூழ்ச்சி, தட்டின் அடியில் ஒட்டிய புளியாகவோ குடைந்த படிக்கல்லாகவோ ஒரு பொருளாக இருந்தது; கூர்ந்து பார்ப்பவர் கண்ணில் அகப்பட்டது. மின்னணுத் தராசில் அது ஓர் எண்ணின் மாற்றம் மட்டுமே. திரையில் மூன்று பதின்மத் தானங்களைக் காண்பவர் அதனை ஐயுறுவதும் அரிது. இதனால்தான் அளவீட்டுத் திருத்தம் செய்யும் பொத்தானைத் தராசினுள் மறைத்து வைத்து, அதன்மேல் அரசின் முத்திரையை இடுகின்றனர். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இன் கீழ் மின்னணுத் தராசுகளை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும்.

நேர்மையான வணிகரின் தராசும் தவறக்கூடும். துலாக்கோல் ஒரு தட்டின் பொருளை மறுதட்டின் கல்லோடு ஒப்பிட்டது. ஆகவே எந்த ஊரில் வைத்தாலும் ஒன்றே காட்டிற்று. எடையுணரியோ பூமி இழுக்கும் விசையை அளக்கிறது. அவ்விசை ஊருக்கு ஊர் வேறுபடும். புவியீர்ப்பு முடுக்கம் சென்னையில் ஏறத்தாழ 9.783, தில்லியில் 9.791. சென்னையில் திருத்தம் செய்த தராசைத் தில்லிக்குக் கொண்டுவந்து 10 கிலோ அரிசியை வைத்தால், அது ஏறத்தாழ 8 கிராம் கூட்டிக் காட்டும். அரிசியும் மாறவில்லை, தராசும் பழுதாகவில்லை, ஊர் மாறியது. குடிபெயர்ந்த தராசிற்குப் புதிய ஊரில் மீண்டும் ஒருமுறை திருத்தம் தேவைப்படுகிறது. 21 என்னும் எண் சற்றே பெரிதாகும், அவ்வளவே.

வீட்டாருடன் சந்தைக்குச் செல்லும்போது, பொருளை வைக்கும்முன் திரையில் 0.000 உள்ளதா எனப் பாருங்கள். முத்திரையில் எந்த ஆண்டு உள்ளது எனப் பாருங்கள். ஐயம் எழுந்தால், கடையில் வாங்கிய, உறை பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைத் தட்டில் வைக்கலாம். உறையின் எடையும் சேர்ந்து ஒரு கிலோவிற்குச் சில கிராம் மிகுதியாகக் காட்ட வேண்டும். ஐம்பது கிராம் மிகுதியாகக் காட்டினால், வணிகரிடம் பணிவாக வினவுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் எண்ணி வாங்கும் பொருள், நிறுத்து வாங்கும் பொருள், முகந்து வாங்கும் பொருள், நீட்டி அளந்து வாங்கும் பொருள் ஆகியவற்றிற்கு இரண்டிரண்டு சான்று தருக. அவற்றின் பெயர்களை நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியிலும் கேட்டறிந்து தமிழ் எழுத்தில் எழுதுக.

2. வெறுந்தட்டில் 8,200 காட்டும் மேற்கூறிய மாற்றி, தக்காளியை வைத்தபோது 50,200 காட்டியது. தக்காளியின் எடை என்ன? 21க்குப் பதிலாக 20 எனப் பதிந்திருந்தால் தராசு எவ்வளவு காட்டியிருக்கும்?

3. குடம், வாளி ஆகிய இரண்டு உவமைகளும் எவற்றை விளக்க வந்தன? உங்கள் சொற்களில் ஐந்து வரிகளில் எழுதுக.

4. பிரித்து எழுதுக: இந்நான்கனுள், அவ்வாறன்று, நூற்றுப்பதினைந்து, வாளாவிருக்கிறார்.